ரிங்குக்குள் வெங்காயம் உரித்த என் மனைவி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நம் ஆட்களின் கடைத்தெருவான தேக்காவில் தீபாவளி விளக்குகளுக்காகச் சாலையின் குறுக்கே வளைவுகள் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்தில் இருக்கும் ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில்தான் இது ஆரம்பித்தது. அந்த மாடிப்படியில் நான் ஏறியபோது என் மனைவி காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். இறங்கும்போது அவள் சினிமா நடிகை. பை என் கையில் இருந்தது.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோ பாயோவில் வீடு, ஏர்கான் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. டிவியில் வரும் ரெஸ்லிங். மலைபோல இருப்பவர்கள் மின்னும் உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, ‘ரிங்’ என்கிற கயிறு கட்டிய மேடையில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடுவார்களே, அதேதான். பள்ளிக்கூட நாட்களில் பிடித்தது, தலை நரைத்தும் விடவில்லை. எந்த அடிக்கு என்ன பெயர், யார் யாரை ஏமாற்றி எதிர்க்கட்சிக்குப் போனார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் மனைவிக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. “எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு விழுறாங்க. இதுக்குப் போய்ச் சாப்பாட்டை ஆற வைக்கிறீங்களே” என்பாள். ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். பல்வலியோடு வருகிறவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் முகம் மாறாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச், பாட்டுக்குழு, திருவிழா வந்தால் சமையல். அவளுக்கு அது போதும்.

அப்போதுதான் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் என் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் அனுப்பினார். ரெஸ்லிங் பற்றிய நகைச்சுவைப் படம் ஒன்றுக்கு, நடித்துப் பழக்கமில்லாத நடுத்தர வயதுக்காரர்கள் தேவையாம். படித்ததும் கடவுளே கடிதம் போட்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் படுக்கையறை மெத்தையில் விழுந்து பழகினேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுகிற வரைக்கும். எனக்கு ஒரு ரிங் பெயர்கூட வைத்துக்கொண்டேன்: ‘தோ பாயோ இடி’.

படத்தை எடுப்பவர் முடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் இளம்பெண். நம் தமிழ்ப் பெண்தான். நிகழ்த்துகலை என்று ஒன்றைச் செய்கிறவராம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ஆட்கள் முன்னால் நின்று தன் உடம்பையே ஓவியம் மாதிரி வைத்து ஏதாவது செய்வது என்றார். ஒருமுறை ஒரு கலைக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பலூன் ஊதி ஊதிக் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தாராம். ஜனங்கள் நின்று பார்த்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கதையையும் அவர் சொன்னார். ஒரு சாம்பியன் இருக்கிறான். அவனை யாராலும் வீழ்த்த முடியவில்லை. கடைசியில் ஒரு சாதாரண ஆள் ரிங்குக்குள் வந்து உட்கார்ந்து, சண்டை போடாமல், தன் பாட்டுக்கு ஏதோ வேலையைப் பார்க்கிறார். சாம்பியன் குட்டிக்கரணம் போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதிலேயே சாம்பியனுக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது. அந்தச் சாதாரண ஆள் யார் என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பியனாக நடிப்பவர் ஜொகூர்க்காரர். நல்ல கறுப்பு, கதவை அடைக்கிற உடம்பு. அங்கே ஒரு டயர் கடையில் வேலை. வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் பக்கம் எல்லைப் பாலம் தாண்டி வந்து, இங்கே ரெஸ்லிங் சொல்லிக் கொடுப்பவர். பேச ஆரம்பித்தால் குரல் மட்டும் குழந்தை மாதிரி இருக்கும். “வாங்கண்ணே” என்று என் கையைப் பிடித்து வரவேற்றார்.

நான் என் வித்தையைக் காட்டினேன். கைகளை விரித்துக்கொண்டு நடந்து வந்தேன், உறுமினேன், அந்த மலைமேல் தோளால் மோதினேன். அவர் மரியாதையாக விழுந்தார். எனக்கு வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்து அவரும் இன்னொருவரும் ஒரு பயிற்சிச் சண்டை போட்டுக் காட்டினார்கள். என் மனைவி மூலையில் தரையில் உட்கார்ந்து, மறுநாள் சர்ச் விருந்துக்காகத் தேக்காவில் வாங்கிய சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஜொகூர்க்காரர் பறந்துபோய்ப் பெரிய சத்தத்தோடு அவள் பாத்திரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தார். அவள் அலறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பாத்திரத்தை மட்டும் தூக்கினாள். அவர் உருண்டு போகிறவரை காத்திருந்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

“தம்பி, அடி பட்டுச்சா? கொஞ்சம் தள்ளிப் போய் விழுங்கப்பா, தோலு எல்லாம் ஒட்டிக்கும்.”

மாடியே சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகப் போய் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

“ஆன்ட்டி, இன்னொரு தடவை செய்வீங்களா?”

“எதை?”

“வெங்காயம் உரிக்கிறத.”

“இன்னும் பாதி இருக்கு. எப்படியும் உரிச்சுத்தானே ஆகணும்” என்றாள் என் மனைவி.

என்னிடம் அவர் வந்து சொன்னதை இன்றும் அப்படியே ஒப்பிப்பேன். “அங்கிள், நீங்க சூப்பர் லா. ஆனா உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதவங்கதான் வேணும். கூட்டத்துல உக்கார ஆள் வேணும்போது கண்டிப்பா கூப்பிடறேன்.”

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் மனைவி, “உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா நான் வேணாம்னு சொல்லிடறேங்க” என்றாள். “சே சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ செய்” என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். சொல்லும்போதே தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி இருந்தது.

அந்த முள் அதன் பிறகு இறங்கவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பயிற்சிக்குப் போனாள். வெங்காயம் உரிக்கிறவளுக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்டேன். பக்கத்தில் ஆட்கள் விழும்போது எங்கே நகர வேண்டும், தன்மேல் விழுந்தால் எப்படி விழ வேண்டும், நிலை தவறி விழுகிறவரை எப்படிப் பிடிக்க வேண்டும் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். முதல் நாள் முழங்கையில் நீலமாக ஒரு காயத்தோடு வந்தாள். நியாயமாக எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். அடுத்தவன் வீட்டு ஷோகேஸில் இருக்கும் கோப்பையைப் பார்ப்பதுபோல அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் முழங்கையில் இருந்திருக்க வேண்டிய காயம்.

சாப்பிடும்போது உற்சாகமாகச் சொல்ல ஆரம்பிப்பாள். “இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க தெரியுமா...” நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருந்த போட்டியில் ஒருவர் மோசமாக விழுந்தார். துணி மடித்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தவள், “பாவம், பிடிக்கிறவரு லேட்டு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையே மறுபடி மெதுவாகப் போட்டுக் காட்டினார்கள். பிடிக்கிறவர் லேட்தான். முப்பது வருடத்துக்கு மேல் பார்க்கிறவன் நான், எனக்கு அது தெரியவில்லை. டிவியை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து ரெஸ்லிங் பார்ப்பதையே நிறுத்தினேன். அவளுக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

சர்ச்சில் விஷயம் பரவியது. பாட்டுக்குழுப் பெண்கள் அவள் கையை மடக்கச் சொல்லித் தசையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ‘அவங்க வீட்டுக்காரர்’ ஆனேன். ஜொகூர்க்காரர் வேறு அவ்வப்போது போன் செய்வார். “அண்ணே, அக்கா செம்ம டேலன்ட்ணே. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, நெஜமாவே பயந்துட்டேன்.” அந்தக் குழந்தைக் குரலில் அப்படிச் சொன்னால் ஆளை வெறுக்கவும் முடிகிறதா? போனை வைத்துவிட்டு மெத்தையில் குப்புற விழுந்து கிடப்பேன்.

முகம் இப்படியே சுண்டிக்கிடந்தால் சுற்றி இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பழைய ஆள். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இங்க பாரும்மா. மாப்பிள்ளை வாயத் திறந்து சொல்ல மாட்டாரு. ஆனா முகத்தப் பாத்தாலே தெரியுது. அவ்ளோ பெரிய ஆம்பளையோட நீ கட்டிப் பொரண்டு நடிக்கிறது எந்தப் புருஷனுக்குப் பிடிக்கும்? விட்டுடு.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது. சந்தேகப்படுகிற புருஷன் என்று பேர் வாங்குவது, மனைவிக்குக் கிடைத்த வெங்காயப் பாத்திரத்துக்காக ஏங்குகிறவன் என்று தெரிவதைவிட மேல் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிளினிக்கில் யார் கத்தினாலும் மாறாத முகம் அன்று வாடிப்போயிருந்தது. “அப்படியா நினைக்கிறீங்க? என்னையா?” என்றாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். “சரி. கடைசி ஷூட்டிங் அடுத்த வாரம். அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்.”

அவள் விரல் எண்ணைத் தேடுவதைப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

“அது இல்ல! அந்த ரிங்குல நான் நிக்கணும்!” என்று கத்திவிட்டேன்.

மச்சானின் கோப்பை சாசரில் உட்கார இடம் தெரியாமல் கடகடவென்று ஆடியது. “என்னது?” என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். மெத்தையில் பழகியது, தோ பாயோ இடி, மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டது, எல்லாம். பேசப் பேச எனக்கே அசிங்கமாக இருந்தது. மச்சான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்தவராகக் கிளம்பிப் போனார்.

என் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். அவள் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “கூட்டத்துல உக்கார ஆளு வேணும்னாங்க. நீங்களும் வாங்க” என்றாள். அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியை ஒரு பூப்பந்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் படமாக்கினார்கள். நடுவில் ரிங். சுற்றிலும் நாற்காலிகளில் எங்களைப் போன்றவர்கள். மேலே விளக்கு, நடுவில் பழைய பருத்திச் சேலையும் விளையாட்டுக் காலணியுமாக என் மனைவி, முன்னால் பெரிய பாத்திரம் நிறைய வெங்காயம். நான் முதல் வரிசை. அவ்வளவு பக்கத்தில் ஒரு ரிங்கை நான் பார்த்ததே இல்லை. எட்டித் தொட்டால் கயிறு.

இயக்குநர் ஒலிபெருக்கியில் எங்களுக்குச் சொன்னார். “நீங்க எல்லாரும் ஃபைட் பாக்க டிக்கெட் வாங்கி வந்தவங்க. இந்த ஆன்ட்டி வந்து உக்காந்து உங்க மேட்சைக் கெடுக்கறாங்க. கோவப்படுங்க. என்ன வேணா கத்துங்க.”

காமிரா ஓடியது. நம் ஊர்க் கூட்டம்தானே, கூச்சம். ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ‘ஊ’ என்றார்கள். சாம்பியன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவள் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் என்னவோ ஆனது. நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“யாரு உன்னை உள்ள விட்டது? முப்பது வருஷமா பாக்கறவன் வெளிய உக்காந்திருக்கேன்! சண்டை போடத் தெரியாதவளுக்கு ரிங் எதுக்கு? எறங்குடி!”

குரல் கிழிந்தது. என்னைப் பார்த்துக் கூட்டமும் சூடு பிடித்தது. மண்டபம் முழுக்க “எறங்கு! எறங்கு!” என்று கத்தித் தரையில் காலால் உதைத்தார்கள். அவர்கள் நடித்தார்கள். நான் நடிக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கு வெங்காயம் காரணம் இல்லை.

அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதுதான் காட்சி. அவள் நிமிர்ந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக என் பக்கம் நடந்து வந்தாள். நடுக்கயிற்றைக் கையால் தூக்கி, கீழ்க்கயிற்றைக் காலால் மிதித்து வழி உண்டாக்கினாள்.

“வாங்க” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “வந்து நில்லுங்க.”

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. நான் ஏறினேன்.

டிவியில் பார்க்கும்போது மெத்தை மாதிரி இருக்குமே, அது மெத்தை இல்லை. மெல்லிய விரிப்பு, அடியில் பலகை. விளக்குச் சூடு தலையில் இறங்குகிறது. கூட்டத்தின் முகம் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாம்பியன் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு எனக்கு எதிரில் வந்து கையை விரித்தார். நான் ஓடிப்போய்க் கயிற்றில் முதுகைக் கொடுத்தேன். அது கயிறே இல்லை, உள்ளே இரும்பு வடம். முதுகுத் தோல் எரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மூலைக் கம்பம் கண்ணில் பட்டது. இரண்டாவது கயிற்றில் ஏறி நின்று பாய வேண்டும் என்று தோன்றியது. ஏறினேன்.

“வேணாண்ணே!” என்று அந்தக் குழந்தைக் குரல் கேட்டது. கால் வழுக்கியது. முன்னால் பாய வேண்டியவன் பின்னால் சாய்ந்தேன். கூரை விளக்குகள் தலைகீழாகச் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. கழுத்து முதலில் பலகையில் மோதப் போகிறது, இதோடு சரி என்று ஒரு நினைப்பு வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

மோதவில்லை. பின்மண்டைக்கு அடியில் ஒரு கை வந்துவிட்டது. இன்னொரு கை என் இடுப்பு பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்தது. “தாடைய நெஞ்சுல ஒட்டுங்க! மூச்ச விடுங்க!” என்று காதுக்குள் அவள் குரல். நானும் அவளுமாகச் சேர்ந்து விழுந்தோம். பலகை இடி மாதிரி முழங்கியது. ஜொகூர்க்காரர் எப்போது பாய்ந்தாரோ, என் கால்களை அணைத்துக்கொண்டு அடியில் கிடந்தார். என் தலைக்கும் பலகைக்கும் நடுவில் அவளுடைய முன்கை நசுங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் கைதட்டியது. எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு என்று நினைத்தார்கள்.

“விரல அசைங்க” என்றாள் மெதுவாக. அசைத்தேன். “காலு?” அசைத்தேன். ஒரு பெருமூச்சு விட்டாள். அடுத்து அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. எழுந்து மண்டியிட்டு, என்னை மல்லாத்தி, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். “எழுந்திருக்காதீங்க. நீங்க தோத்துட்டீங்க.” சாம்பியன் உருண்டு வந்து, மூன்று எண்ணும்வரை எழாவிட்டால் தோல்வி என்ற விதிப்படி, தரையில் தட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மண்டபம் அதிர்ந்தது. நான் அசையாமல் கிடந்தேன். நெஞ்சின்மேல் இருந்த அந்தக் கை என் சட்டையை இறுகப் பற்றியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே தெரியாமல் இத்தனை நாளும் டிவியில் தேடியது இந்த இடத்தைத்தானோ என்று நினைத்தேன், அதுவும் தோற்றுப்போய்க் கிடக்கும்போது.

படப்பிடிப்பு முடிந்ததும் அவள் முன்கை வீங்கிவிட்டது. குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கித் துணியில் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஜொகூர்க்காரர் பிடித்துப் பார்த்துச் சொன்னார்.

“இத எப்பக் கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

“மொத நாளே. விழறவங்க தலையப் பிடிக்கறதுதான் மொத பாடம். தூக்கிப் போடறதெல்லாம் அப்புறந்தான். சொல்லத்தான் வந்தேன், நீங்க டிவி சத்தத்தக் கூட்டினீங்க.”

ஐஸ் கரைந்து என் கால்சட்டையில் சொட்டியது. துணியைப் பிழிந்து மறுபடி கட்டினேன். “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டேன். “வலிக்குது” என்றாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சின்ன அரங்கில் படத்தைப் போட்டார்கள். நான் ரிங்கில் ஏறி விழுந்ததை இயக்குநர் அப்படியே வைத்திருந்தார். அந்த இடத்தில் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். கடைசியில் ஓடிய பெயர்களில் நான் ‘கூட்டத்தில் ஒருவர்’. வெளியே வந்ததும் யார் யாரோ என் மனைவியோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் கைப்பேசிகளை வாங்கி நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என்னோடு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது கொஞ்சம் வலித்தது, மறைக்க விரும்பவில்லை.

இப்போது அவளை இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை பேருந்துக்குள் சண்டையாம். செய்தி வந்த அன்று பழைய முள் மறுபடி தொண்டையில் வந்து உட்கார்ந்தது. இருந்தாலும் அவள் சொல்ல ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்; ஆனால் அது வரும்போதெல்லாம், அன்று நான் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து என் தலையைத் தாங்கிய அந்தக் கை எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதும் கூடவே ஞாபகம் வந்துவிடுகிறது.